நிறைவுமானியின் முள்

திரையில் முள் இருபதில் நின்றது. நாற்பதைத் தொடாவிட்டால் மருத்துவர் ஆதவன் இனி யார் வாயிலும் கைவைக்க முடியாது.

மருத்துவ உரிமத்தைப் புதுப்பிக்கும் தேர்வு மன்றத்தின் நடுவே, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார் நோயாளி குற்றாலிங்கம். பக்கத்தில் அவர் மகள் வடிவு நின்றாள்.

நோயாளிகளிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் ஒழிந்து வெகுகாலமாகிவிட்டது. பயந்து புகழ்ந்தவர்களும் உண்டு, காசு வாங்கிப் புகழ்ந்தவர்களும் உண்டு. இப்போது அண்ணத்தில் கிள்ளிய திசுவை வளர்த்துத் தேய்ந்த பல் ஈறின்மேல் ஒட்டும்போதே, முடியளவு இழை ஒன்றையும் உள்ளே தைத்துவிடுகிறார்கள். அதுதான் நிறைவுமானி. மனம் குளிர்ந்தால் ஈறில் ஓடும் ரத்தம் மாறும். அந்த மாற்றத்தை இழை திரைக்கு அனுப்பும். வாய்ச்சொல் செல்லாது.

ஒட்டு அருமையாகப் பிடித்திருந்தது. வேர் தெரிந்த பற்களை இளஞ்சிவப்பு ஈறு மூடியிருந்தது. தையல் தடம் இல்லை, வலியும் இல்லை. ஆனால் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் குற்றாலிங்கம் மகளின் நிச்சயதார்த்தப் பந்தலை நினைத்துக்கொள்வார். முள் அசையாது.

"ஒட்டில் பழுதே இல்லையே, பிறகு என்ன குறை?" என்றார் மன்றத் தலைவி.

"எனக்கும் புரியலைம்மா." ஆதவன் குனிந்தார். "ஐயா, எங்கயாவது உறுத்துதா?"

"உறுத்துது. வாயில இல்ல." குற்றாலிங்கம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "என்னைத் தெரியலையா? மாப்பிள்ளையா வந்து உக்காந்து, தாம்பூலம் மாத்துத நேரத்துல, 'ஈறு தேஞ்ச குடும்பம், பிறக்கிற பிள்ளைக்கும் பல்லு நீளும்'னு ஊர் முன்னால சொல்லிட்டு எந்திரிச்சுப் போனியே. இந்தா நிக்கிறா, அந்தப் பொண்ணு. நான் அவளைப் பெத்தவன்."

மன்றம் சலசலத்தது. ஆதவனின் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பைப் பார்க்கத்தான் குற்றாலிங்கம் இவரிடமே சிகிச்சைக்குத் தேடி வந்து வாயைத் திறந்திருந்தார். முள் முப்பதுக்குத் தாவியது.

"சிரிக்காதீங்கப்பா, முள்ளு ஏறுது," என்று வடிவு கிசுகிசுத்தாள்.

"நான் எங்கம்மா சிரிச்சேன்?"

"உள்ளுக்குள்ள சிரிக்கீங்க."

ஆதவனும் திரையைப் பார்த்துவிட்டார். கைகூப்பினார். "இன்னும் நல்லா திட்டுங்க மாமா. நான் செஞ்சது ஈனத்தனம்."

முள் முப்பத்தைந்து.

"இது சிகிச்சையால் வந்த நிறைவு இல்லையே!" என்றார் ஓர் உறுப்பினர்.

"எதனால் என்று இழை சொல்லாது. சட்டமும் கேட்பதில்லை," என்றார் தலைவி. "நோயாளி எழுந்தால் தேர்வு முடிந்தது. அப்போது முள் எங்கே நிற்கிறதோ அதுதான் தீர்ப்பு."

வடிவு தந்தையின் தோளைப் பிடித்தாள். "எந்திரிங்கப்பா. இப்பவே போயிட்டா இந்த ஆளு இத்தோட முடிஞ்சான்."

அவர் கைப்பிடியை ஊன்றிப் பாதி எழுந்தார். அந்தக் கணத்தில் ஆதவன், ஊரே கொண்டாடும் மருத்துவர், வெள்ளை அங்கியோடு சபை நடுவே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நெற்றி குற்றாலிங்கத்தின் செருப்பில் முட்டியது.

"அப்பா, வாங்க!"

"இரு தாயி. ஒரு நிமிஷம்."

அவர் திரும்ப உட்கார்ந்து, நன்றாகக் குனிந்து பார்த்தார். இத்தனை பேர் முன்னால். அடக்க அடக்க உதடு தானே விலகியது. புது ஈறு முழுக்கத் தெரிந்தது.

தரையில் கிடந்தபடியே, தலையை மட்டும் திருப்பி, ஆதவன் திரையில் ஏறும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.