செல்துண்டு என்று சொன்ன பொய்

“யன்னலைச் சாத்துங்கோ... மழை முழுக்க எனக்கு மேலைதான் அடிக்குது!”

“எனக்குக் காத்து வேணும். நனையப் பயமெண்டால் எழும்பி நில்லுங்கோ.”

யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், கண்டாவளைச் சந்தியில் ஏறி, காலியாக இருந்த ஒரே இடத்தில் உட்கார்ந்தவனுக்குச் சுரேகா கொடுத்த வரவேற்பு இதுதான். ஆனால் ஆனையிறவில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தபோது, உழவு இயந்திரத்தின் பழைய சாமான்கள் கிடந்த பையைத் தன் மடியிலேயே கொட்டிவிட்டு, வெறும் பையை அவளிடம் நீட்டியவனும் அவன்தான்.

“ஐயோ, உங்கடை காற்சட்டை எல்லாம் கிறீஸ்...”

“தோய்ச்சால் போகும். நீங்கள் ஆறுதலா மூச்சு விடுங்கோ.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். இமையில் மழைத்துளி தங்கிய, கேலியே இல்லாத கண்கள்... ‘வயிற்றைப் பிரட்டுகிற நேரத்தில் உனக்கு இதுவும் தேவைதானா?’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவன் பெயர் பிரதீபன். உழவு இயந்திரம் திருத்துகிறவன். “ஆசுப்பத்திரிக்கோ?” என்று மெதுவாகக் கேட்டான்.

“ஓம். நெஞ்சிலை செல்துண்டு. வெட்டி எடுத்தவை. கிளினிக்குக்குப் போறன்.”

பாதிதான் பொய். பன்னிரண்டு வயதில், முள்ளிவாய்க்கால் போரில், அவளுடைய இடது மார்பின் ஓரம் வெடித்த எறிகணையின் சிதறல், அதாவது செல்துண்டு, ஏறியது உண்மை. வன்னியில் எத்தனை பேருடைய உடம்பில் இரும்பு கிடக்கிறது! அதனால்தான், இருபத்தேழு வயதில் அந்த இடத்தில் கட்டி தட்டுப்பட்டபோது, “துண்டு நகருது பிள்ளை. நோகேல்லைத்தானே, விடு” என்றாள் அம்மா. சுரேகாவும் விட்டாள். எட்டு மாதம்! மார்புப் புற்றுநோய் இந்த வயதிலும் வரும், வந்தால் வேகமாக வளரும், நோகவில்லை என்று ஒரு கட்டியையும் விட்டுவிடக் கூடாது என்று டொக்டர் சொன்னபோது, மார்பையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றுகிறார்கள். அந்த நாளை நினைத்தாலே குமட்டும்.

“ஆர் கேட்டாலும் செல்துண்டு எண்டே சொல்லு. வெளியிலை தெரிஞ்சால் உன்னை ஆர் கட்டுவினம்?” இது அம்மாவின் கட்டளை.

அதற்குப் பிறகு நடந்த அதிசயத்தை என்னவென்று சொல்ல? கண்டாவளையில் உள்ள உழவு இயந்திரங்கள் எல்லாம் மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தே பழுதாகத் தொடங்கின. சாமான் வாங்க அதே பஸ்ஸில் பிரதீபன்... குமட்டலுக்கு முகரத் தேசிக்காயும், வாயில் போட இஞ்சி இனிப்புமாக.

“உண்மையாச் சொல்லுங்கோ, இண்டைக்கு என்ன சாமான் வாங்கப் போறியள்?”

“அது... யாழ்ப்பாணத்திலை இறங்கித்தான் யோசிக்கோணும்.”

சுரேகா சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். தலையை மூடியிருந்த சால்வையை அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டாள். தெரிந்தால் இந்தக் கண்கள் இப்படிப் பார்க்குமா?

மூன்றாவது பயணத்தில் அவன் சாதாரணமாகத்தான் கதையைத் தொடங்கினான்.

“என்ரை தங்கச்சி பிரியந்தினிக்கும் உங்களை மாதிரித்தான். சின்னனிலை செல் பட்ட பக்கம், மார்பிலை ஒரு கட்டி. பயந்து அழுதவள். ‘சுரேகாவுக்கும் உதுதான், நோகேல்லைத்தானே, பயப்பிடாதை’ எண்டு சொல்லிப்போட்டன். இப்ப சிரிச்சுக்கொண்டு திரியிறாள்.”

சொன்னால் இவன் போய்விடுவான். ஊருக்கும் தெரியும். சொல்லாவிட்டால்... அந்தப் பிள்ளைக்கும் ஓர் எட்டு மாதம் போய்விடும்.

சால்வையைக் கழற்றினாள். ஒரு மயிரும் இல்லாத தலை.

“எனக்குச் செல்துண்டில்லை. புற்றுநோய். பொய் சொன்னனான். தங்கச்சிக்கும் இதுதான் எண்டு சொல்லேல்லை... ஆனால் உடனை கொண்டுபோய்க் காட்டுங்கோ. ஸ்கான் எடுத்து, ஊசி குத்திப் பாக்கச் சொல்லுங்கோ. என்னைப் போலை விடாதேங்கோ!”

அவன் முகம் வெளிறியது. கொடிகாமத்தில் பஸ் நின்றதும் இறங்கினான். திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பஸ் பழக்கத்தில் அவள் கொடுத்திருந்த நம்பருக்குப் பிறகு பிரதீபனிடமிருந்து வந்த அழைப்புகளைச் சுரேகா எடுக்கவில்லை. யாருடைய பரிதாபமும் அவளுக்கு வேண்டாம். அடுத்த பயணத்தில் கண்டாவளைச் சந்தியில் அவன் ஏறவில்லை. இரவெல்லாம் அழுததை அம்மாவுக்கும் சொல்லவில்லை.

கடைசி மருந்து ஏற்றும் நாள் அம்மாவும் கூட வந்தாள். ஆஸ்பத்திரி விறாந்தையில் பிரதீபன் நின்றான். பக்கத்தில் அவனைப் போலவே கண்களுடைய ஒரு பெண். அவள் ஓடிவந்து சுரேகாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எனக்கும் அதுதானாம், ஆனால் கட்டி சின்னனா இருக்கேக்கையே பிடிச்சிட்டினமாம். மார்பை முழுசா எடுக்கத் தேவையில்லையாம்...” என்றாள் பிரியந்தினி.

“அண்டைக்கு நான் ஓடினது இவளிட்டை, பிறகு இவளைக் கொண்டு ஆசுப்பத்திரியிலைதான் நிண்டன்,” என்றான் பிரதீபன். “பொய் சொன்னதுக்குக் கோவமும் இருந்தது. பிறகு யோசிச்சன்... உண்மையைச் சொன்னால் நான் விட்டிட்டுப் போயிடுவன் எண்டு நினைச்சுக்கொண்டுதானே சொன்னனீங்கள்?”

“ஓம்.”

“அப்பிடிப்பட்ட உங்களை விட்டிட்டு நான் எங்கை போறது? எனக்கு உங்களைத்தான் கட்டோணும், சுரேகா.”

“இரக்கப்பட்டுக் கேக்கிறியளோ? நான் எல்லாம் சொல்லுறன், கேட்டிட்டு யோசியுங்கோ. எனக்கு ஒரு பக்கம் மார்பு இல்லை. இன்னும் அஞ்சு வருசம் குளிசை விழுங்கோணும். பிள்ளை கிடைக்குமோ தெரியாது. புற்றுநோய் திரும்பி வருமோ, அதுவும் தெரியாது.”

“யோசிச்சிட்டுத்தான் வந்தனான். நீங்கள்தான் பதில் சொல்லோணும்.”

அம்மா அவளுடைய கையைப் பதறிப்போய் இழுத்தாள். “மெதுவாக் கதை பிள்ளை... ஆக்கள் கேக்கினம்!”

“கேக்கட்டும், அம்மா.” சுரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். “நான் மறைச்சதிலை மிச்சம் ஒண்டுதான், பிரதீபன்... எனக்கு உங்களிலை சரியான விருப்பம்.”