கையில் கொடுக்காத உப்பு

"ஐயோ... என் வீட்டை நாசமாக்கிட்டாளே!"

விடிந்ததும் விடியாததுமாக எர்மெலிந்தா போட்ட கூச்சலில் செச்சூரா கடற்கரை மீனவர் தெருவே எட்டிப் பார்த்தது. மருமகள் சொராய்தாவின் தலையணைக்கு அடியில் ஒரு கிண்ணம் கல்லுப்பு!

அந்தக் கரையில் இது சின்ன விஷயமா? ஒரு வீட்டில் உப்பைப் போட்டால் அந்தக் குடி விளங்காது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சாப்பிடும்போதுகூட உப்பை யாரும் கையில் கொடுக்கமாட்டார்கள். மேசையில் வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அதான் என் புள்ளை வலை வெறுமனே வருது! மூணு கரு தங்கலைங்கிற கடுப்பை எங்க மேல காட்டுறியாடி?"

"அப்படிச் சொல்லாதீங்க அத்தே... திங்கத்தான் வெச்சேன். அது இல்லாம இருக்க முடியல..."

"உப்பை அள்ளித் திங்க நீ என்ன மாடா? பாதி வேலையில படுத்துக்கிறே. வெயில்ல காஞ்ச கருவாடாட்டம் கறுத்துக் கிடக்கே. பேச்சப் பாரு!"

சொராய்தா கணவனைப் பார்த்தாள். நெப்தாலி தரையைப் பார்த்தான்.

"கொஞ்ச நாள் உங்கம்மா வீட்ல இரேன்..." என்றான்.

இடுப்பெலும்பு முறிந்து படுத்த மாமியாரை நான்கு மாதமாகத் தூக்கி, கழுவி, ஊட்டி எழுப்பியவள் அவள். கோலூன்றி நிற்க முடிந்ததும் கிழவி அந்தக் கோலை யார் பக்கம் நீட்டினாள் பாருங்கள்! சொராய்தா துணியை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் எழவில்லை.

பியூரா நகரத்து ஆஸ்பத்திரியில் நாடியே அகப்படவில்லை. ஓர் ஊசி, பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர். அம்மம்மா, அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்! பாதிரியாரைக் கூப்பிடலாமா என்று காலையில் பேசினார்கள். பொழுது சாய்வதற்குள் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றாள்.

டாக்டரம்மா கட்டிலருகே வந்தாள். "இவங்க உடம்போட காவலே உடம்பைப் பகையா நினைச்சு ரத்தத்தை உறைய வைக்குது. மூணு கரு கலைஞ்சதும் அதனாலதான். இப்ப சிறுநீரகத்து மேல இருக்கிற அட்ரீனல் சுரப்பி ரெண்டும் ரத்தம் அடைச்சுச் செத்துப்போச்சு. கட்டைவிரல் அளவுதான்... ஆனா உடம்புல உப்பைப் பிடிச்சு வைக்கிறதே அதுதான். அது போனா தோல் கறுக்கும், ரத்த அழுத்தம் விழும், தெம்பே இருக்காது. அந்த உப்பைத் தின்னுதான் இத்தனை நாள் உயிரைப் பிடிச்சிருக்காங்க!"

எர்மெலிந்தா தன் கட்டைவிரலையே பார்த்தாள். "இத்துனூண்டு... ஆண்டவனே, எதை எங்கே கொண்டுபோய் வெச்சிருக்கே! அது போனதும் உப்பு வேணும்னு உடம்புக்கே தெரிஞ்சிருக்கே... எனக்குத் தெரியலையே!"

"இனி ஆயுசுக்கும் மாத்திரை போடணும். கரு கலைஞ்சப்பவே ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்து, மாசாமாசம் ரத்தம் பார்க்க வரச் சொன்னோமே, வந்திருந்தா இது வந்தேயிருக்காது. நாலு மாசமா ஏம்மா வரல?"

சொராய்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வந்து போக ஒரு நாளாகும்... அதுவரைக்கும் அத்தையை யார் தூக்குவா?"

கிழவியின் கோல் தடாலென்று விழுந்தது. "பாவி... பாவி நான்! எனக்காகவா உன் உயிரைப் பணயம் வெச்சே?" மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "டேய், இனி ரத்தம் பாக்க இவளைக் கூட்டிட்டு வர்றது உன் வேலை. படகு கரையில கிடந்து மக்கட்டும்!"

நெப்தாலி மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

சூப் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுச் சொராய்தா தயங்கினாள். "உப்பு கம்மியா இருக்கு அத்தே..."

எர்மெலிந்தா பாவாடைப் பையிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தாள். டாக்டர் முன்னால் காட்டி மருமகளின் மானத்தை வாங்கக் கொண்டுவந்த அதே கல்லுப்பு! மேசை பக்கத்திலேயே இருந்தது. அவளோ மருமகளின் கையைப் பிடித்து விரித்தாள்.

"ஐயோ, கையில தராதீங்க அத்தே... ஆகாது!"

"என்னடி ஆகாது? பிடி என் கண்ணே" என்று அந்த உப்பை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.