எச்சில் ஓரம்

நாற்பத்தேழாம் இதழின் ஓரம் ஈரமாக இருந்தது.

மழைத்தண்ணீர் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மத்தியானத்திலிருந்து வெளியே விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்து கிடந்தது, சுவரில் கசிவு இல்லை, புத்தகம் முன்பு கிடந்த அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம்கூட மொறமொறவென்று இருந்தது. அந்த ஒரு காமிக்ஸில், ஒரே ஒரு பக்கத்தின் வலது கீழ் மூலை மட்டும் ஒரு விரல் நுனி அகலத்துக்கு ஊறிப்போயிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். கொண்டுபோயிருக்கக் கூடாது. தூங்கி எழுந்து பல் விளக்காத வாயின் வாடை குப்பென்று அடித்தது.

"சீ!" என்று புத்தகத்தைத் தரையில் போட்டுவிட்டு, ரப்பர் கையுறையைப் பழைய துணியில் அழுத்தித் துடைத்தாள். துடைத்த துணியையும் தூர எறிந்தாள்.

அந்த வாடையை அவளுக்குத் தெரியும். அது கணவனுடைய அண்ணனின் வாடை. வீட்டில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'. வயதில் மட்டும்தான் பெரியவர். மற்றபடி, ஐம்பதைத் தாண்டியும் முகமூடி வீரன் குதிரையேறித் தப்பித்தானா இல்லையா என்று கவலைப்பட்டுச் சோற்றை ஆறவிடுகிற மனிதர். கல்யாணம் கிடையாது, வம்பு தும்பு கிடையாது. இந்த மாடி அறை, ஒரு சாய்வு நாற்காலி, சுவர் தெரியாத அளவுக்குக் காமிக்ஸ். அதையெல்லாம் அவள் குறை சொன்னதில்லை. ஆளுக்கொரு பைத்தியம். அவளால் தாங்க முடியாதது அந்த விரல்தான். வலது கை ஆள்காட்டி விரலை முதல் கணுவரை வாய்க்குள் விட்டு நாக்கில் ஒரு தேய்ப்பு, பிறகு பக்க ஓரத்தில் ஒரு தேய்ப்பு. 'ச்லப்' என்று ஒரு சத்தம் வரும். சாப்பாட்டு மேஜையிலும் அதே கதைதான். அச்சு மை ஏறி நாக்கு நுனி கறுத்திருக்கும். அதே விரலால் உப்பு ஜாடியைத் திறப்பார். அந்த உப்பை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டு அவள் வேறு உப்பு நிரப்புவாள். எத்தனை முறை நிரப்பினாளோ, கணக்கே இல்லை.

போன குளிர்காலத்தில் அந்த நாற்காலியிலேயே அவர் போய்விட்டார். மடியில் புத்தகம் விரிந்திருந்தது. வலது கை உதட்டருகே போய் அப்படியே நின்றிருந்தது.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வீட்டிலேயே வெளிச்சமான அறை இதுதான். குழந்தைக்கு இதைத்தான் ஒதுக்குவது என்று கணவனும் அவளும் எப்போதோ முடிவுசெய்துவிட்டார்கள். அவளுக்கு மட்டும் ஒரு பிடிவாதம் இருந்தது. அந்த மனிதரின் எச்சில் ஒரு சொட்டுக்கூட இந்த அறையில் மிஞ்சக் கூடாது. சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்க வேண்டும், தரையைச் சோடா போட்டுத் தேய்க்க வேண்டும். அதற்கு முன்னால் காமிக்ஸ் போக வேண்டும். எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னதற்கே மாமியார் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்: "என் புள்ள உசுரா வச்சிருந்தது. படிக்கிறவங்க கையிலதான் போகணும். எடைக்குப் போடறதா இருந்தா முதல்ல என்னைத் தூக்கிப் போடுங்க."

பழைய புத்தகக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வரிசையா அடுக்கி வைங்கம்மா. நடுப்பக்கம் எதுவும் போகாம இருக்கான்னு ஒவ்வொண்ணா புரட்டிப் பாத்திடுங்க. தொடர்கதையில நடுவுல ஒண்ணு இல்லன்னாலும் யாரும் சீந்த மாட்டாங்க. நாளைக்கு வண்டியோட வரேன்."

அதனால்தான் அவள் காலையிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறாள். பெரியவர் வாங்கி வாங்கிக் குவித்தாரே ஒழிய, ஒருநாளும் அடுக்கியதில்லை. துப்பறியும் கிழவருக்குள் விண்வெளிப் பூனை கிடந்தது. பேய் வைத்தியருக்கு அடியில் முகமூடி வீரன் மூச்சுத்திணறிக்கொண்டிருந்தான். எல்லாவற்றிலும் தலைவலி பிடித்தது 'சுரங்கத்துக் கைதி' என்ற நீண்ட தொடர். இதழுக்குப் பத்துப் பதினைந்து பக்கம், முடிவில் கொட்டை எழுத்தில் 'தொடரும்'. அறை முழுக்கச் சிதறிக் கிடந்த அந்தத் தொடரைத் தனியாகப் பொறுக்கி, எண் பார்த்து, சுவரோரமாகத் தரையில் ரயில்வண்டி மாதிரி நீளமாக அடுக்கிக்கொண்டு வந்தாள்.

நாற்பத்தேழை விரல் நுனியால் தூக்கி மறுபடி வரிசையில் வைத்தாள். மனசு கேட்காமல் அதற்கு முந்தையதைத் திறந்தாள். அதன் பக்க ஓரங்களும் நனைந்திருந்தன, ஆனால் காயத் தொடங்கியிருந்தன. அதற்கும் முந்தையதில் ஈரம் இல்லை. காகிதம் புதிதாகச் சுருங்கியிருந்தது. பெரியவர் உயிரோடிருந்தபோது பட்ட எச்சில் பழுப்பு வட்டமாகக் காய்ந்து இறுகியிருக்கும், அதைக் காலையிலிருந்து பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகிவிட்டது. இது பழுப்பு இல்லை. பளபளவென்று இருந்தது.

நாற்பத்தெட்டைத் திறந்தாள். காய்ந்திருந்தது. அப்பாடா என்று அதை அடுக்கினாள். அடுத்ததைப் பெட்டிக்குள் தேடியெடுத்து அதையும் அடுக்கிவிட்டு, என்னவோ தோன்ற, நாற்பத்தெட்டை மறுபடி திறந்தாள்.

முதல் பக்க ஓரம் நனைந்திருந்தது. இரண்டாம் பக்கமும். மூன்றாம் பக்கத்தில் சின்னதாக ஒரு நுரைக்குமிழி அவள் பார்க்கப் பார்க்க உடைந்தது.

எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் மேல்படிக்கு வந்தாள். கீழே தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது.

"அத்தே! மேல யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வரப்போறா? இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் வந்தாத்தான் உண்டு."

"புத்தகமெல்லாம் ஈரமா இருக்கு அத்தே. எச்சி நாத்தம் அடிக்குது."

"புள்ளத்தாச்சி மூக்கு அப்படித்தான் இருக்கும். உன் புருஷனைச் சுமந்தப்ப பக்கத்து வீட்டுல பால் காஞ்சா எனக்கு இங்க குமட்டும்." பிறகு மாமியாரின் குரல் தணிந்து வந்தது. "அந்தக் கைதி கதைய அடுக்கிட்டியாம்மா? அது ஒண்ணுதான் அவனுக்குக் குறை. முன்னுக்குப் பின்னா படிச்சே காலம் போயிடுச்சு, ஒரு தடவை வரிசையா படிச்சு முடிச்சிட்டா நிம்மதியா போயிடுவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்."

கைப்பிடிக் கம்பி சில்லென்று இருந்தது.

வரிசை இல்லாதவரை அவருக்குப் படிக்க வழியில்லை. குவியலுக்குள் எதை எடுப்பார், எங்கே தொடங்குவார்? வழி போட்டுக் கொடுத்தது அவள்தான். காலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தூசி தட்டி, பக்கம் சரிபார்த்து, எண் தவறாமல் அவர் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது அவள்தான். நினைக்கும்போதே உடம்பெல்லாம் கூசியது.

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் சரக்கு வண்டி ஓட்டுபவன். வண்டிக் கண்ணாடியில் மழைத் துடைப்பான் போடும் சத்தத்துக்கு நடுவே அவள் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"படிக்கிற பேயா? நல்லதுதானே, புள்ளைக்கு வீட்டுலயே வாத்தியார் கிடைச்சாச்சு."

"விளையாடாதீங்க. எனக்கு பயமா இருக்கு. அதவிட அருவருப்பா இருக்கு."

"சரி, விட்டுட்டு கீழ போய் படு. நாளைக்கு நானே அள்ளிப் போட்டுடறேன்."

கீழே போய்விடலாம்தான். போனால் இது இங்கேயே இருக்கும். புத்தகம் போன பிறகும் இருக்கும். தொட்டிலில் குழந்தை தூங்கும்போது, இருட்டில் ஒரு வாய் திறந்து மூடும். அவளால் அதை விட முடியாது. நிம்மதியாகப் போய்விடுவேன் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். படிக்கட்டும். படித்துத் தொலையட்டும். கதை முடிந்தால் ஆளும் முடிந்தார்.

மளமளவென்று வேலையில் இறங்கினாள். விளக்கைப் போட்டாள். பெட்டிகளைக் கவிழ்த்தாள். கைதி இருந்தால் வரிசைக்கு, மற்றதெல்லாம் மூலைக்கு. கையுறை வழுக்கியது, கழற்றி வீசினாள். முதுகுக்குப் பின்னால் சுவரோரத்தில் 'ச்லப்' என்றது. திரும்பவில்லை. காகிதம் புரளும் சத்தம் மெல்லியதாக, சாவகாசமாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் 'ச்லப்'. படம் பார்த்து, வசனம் படித்து, ரசித்துப் புரட்டுகிற வேகம்.

ஒரு இதழில் நடுப்பக்கங்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் நெம்பினாள். பிரியவில்லை. கிழிந்துவிடப் போகிறதே, நடுவில் ஒன்று போனால் கதை நின்றுவிடுமே என்ற பதற்றம். ஓரத்தைத் தேய்த்தாள், வழுக்கியது. சின்ன வயதுப் பழக்கம், கை தானாக மேலே போனது. விரலை நாக்கில் வைத்துவிட்டாள்.

உப்புக் கரித்தது. மைக் கசப்பு. அதற்குப் பின்னால் புளித்த, கொழகொழவென்ற, வெதுவெதுப்பான ஒரு ருசி. இன்னொருவர் வாயின் உட்புறத்தை நக்கியதுபோல் இருந்தது.

தரை தேய்க்கக் கொண்டுவந்திருந்த வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். காலையில் சாப்பிட்டது, மத்தியானம் குடித்தது எல்லாம் வந்தது. எதுவும் மிச்சமில்லாத பிறகும் ஓங்கரிப்பு நிற்கவில்லை. புறங்கையால் நாக்கை வழித்தாள். துணியால் தேய்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தாள். நுனி கறுத்திருந்தது.

பின்னால் சத்தம் நின்றிருந்தது. ருசி பார்க்கிற மௌனம். பிறகு 'ச்லப்' என்று மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

கடைசி இதழ் கடைசிப் பெட்டியின் அடியில் கிடந்தது. அட்டையிலேயே 'பரபரப்பான திருப்பம்' என்று போட்டிருந்தது. அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. தவழ்ந்துபோய் வரிசையின் முடிவில் அதை வைத்தாள். எழுந்து ஓட உடம்பில் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் வயிற்றுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வரிசையின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் இந்தக் கோடியை நோக்கி வந்தது. புத்தகம் புத்தகமாக வந்தது. அட்டை எழும்பும், பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரளும், அட்டை விழும். வாடையும் கூடவே வந்தது. மூச்சை அடக்கினாள். வயிற்றுக்குள் குழந்தை துள்ளியது.

"முடியப் போகுதுடா கண்ணு," என்றாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்."

கடைசி இதழின் அட்டை எழும்பியது.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து படங்கள் நன்றாகவே தெரிந்தன. கைதி சுரங்கத்தின் முடிவுக்கு வந்துவிட்டான். எதிரே ஒரு கதவு. பூட்டு உடைந்தது. கதவின் மேல் கை வைத்தான். பக்கம் புரண்டது. கடைசிக் கட்டத்தில் கதவு ஒரு விரற்கடை திறந்து, உள்ளே இருட்டு.

அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில்: தொடரும்.

பக்கம் மெல்லப் புரண்டது. பின்னட்டையின் உட்புறம். 'வாசகர்களுக்கு வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம், இத்துடன் நமது இதழ் நிறுத்தப்படுகிறது.'

பின்னட்டை எழும்பியது. விழுந்தது. மறுபடி எழும்பியது. விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் தரை. வரிசையில் அடுத்ததாக அவள்.

சத்தமே இல்லை.

வெளியே மழைகூட நின்றிருந்தது.

பிறகு அவள் காதருகே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது. "த்சு."

கையை ஊன்றினாள். எழ முடியவில்லை. "அத்தே!" என்று கத்தினாள். கீழே தொலைக்காட்சியில் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

'ச்லப்.'

வயிற்றில், தொப்புளுக்கு வலது பக்கம் கீழே, துணி ஒரு விரல் நுனி அகலத்துக்கு நனைந்தது.

கையால் பொத்தினாள். ஈரம் கைக்கு அடியில் இருந்தது. துணிக்கும் அடியில். வெதுவெதுப்பாக. இழுத்துப் பிடித்த தோலின் மேல் அது ஒருமுறை தேய்த்தது. நிதானமாக. இன்னொருமுறை. ஒட்டிக்கொண்ட பக்கத்தில் ஓரம் தேடுவார்களே, அப்படி.

உள்ளே குழந்தை மொத்தமாக இடது பக்கம் ஒதுங்கியது.

"வேண்டாம். இது புத்தகம் இல்ல. பெரியவரே, வேண்டாம்."

'ச்லப்.'

இடுப்பின் ஓரத்தில் தோலின் நுனி பிரிந்து எழும்பியது. வலிக்கவில்லை. ரத்தம் வரவில்லை. காகிதம் புரளும் சத்தம்தான் கேட்டது.