தையல்காரரின் தலைச்சுற்றல்

“என் கஷாயம் ஒரு மனுஷனைக் கொன்னுடுச்சுன்னு தெருவே சொல்லுதும்மா. நிஜமாவே கொன்னுடுச்சான்னு நீங்கதான் சொல்லணும்.”

நாட்டுமருந்துக்கடைக்காரர் உட்காரக்கூட இல்லை. எதிர்க்கடைத் தையல்காரர் தலைச்சுற்றலுக்கு அவரிடம்தான் மருந்து வாங்கினார். போன வாரம் வீட்டுப் படியில் தலைசுற்றி விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

“கடையை மூடிட்டேன், அது போகட்டும். கண்ணை மூடினா அவர் முகம்தான் வருது.”

துப்பறியும் அண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். ஆதாரம் இல்லாமல் ‘ஆம்’ என்றுகூடச் சொல்லாத பிறவி அவள். கூடவே அலையும் கொழுந்தனுக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர்; அவன் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான்.

“கஷாயத்துல என்னென்ன?” என்று கேட்டாள் அண்ணி.

“இஞ்சி, கொத்தமல்லி விதை, நெல்லிமுள்ளி. வேற ஒண்ணும் இல்லை.”

“தலைச்சுற்றலுக்கு இது கேட்கும்னு என்ன ஆதாரம்?”

“எங்கப்பா காலத்துலேருந்து குடுக்கறோம். குடிச்சவங்க நல்லாயிருக்குன்னாங்க.”

“குமட்டலுக்கு இஞ்சி கொஞ்சம் கேட்கும்னு ஆராய்ச்சி இருக்கு. தலைச்சுற்றலுக்குச் செஞ்சது ரொம்பக் குறைச்சல், உறுதியாச் சொல்ல முடியாது. காதுக்கோளாறா, ரத்தசோகையான்னு காரணம் பார்க்காம எல்லாருக்கும் ஒரே பொட்டலமா?”

அண்ணி பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்பினாள்.

தையல்காரர் வீட்டுச் சமையலறையில் சின்ன இடிகல் ஒன்று இருந்தது. அதன் குழியில் இஞ்சி நாரோடு வெள்ளையாய் ஏதோ மாவு ஒட்டியிருந்தது. “விஷம்!” என்று அவசரம் அண்ணியின் காதில் கிசுகிசுத்தான். “வாயை மூடுடா” என்றாள் அண்ணி.

தையல்காரரின் மனைவி அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தாள். “டாக்டர் குடுத்த பிரஷர் மாத்திரையைத் தொடமாட்டேன், கஷாயம் இருக்க மாத்திரை எதுக்குன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. கஷாயம்தான் குடிச்சாரு. குடிச்ச கொஞ்ச நேரத்துல, உட்கார்ந்து எழுந்தாலே கண்ணை இருட்டிக்கிட்டு வரும். அந்தக் கடைக்காரன் நல்லா இருப்பானா?”

அலமாரியில் மாத்திரை அட்டை இருந்தது. தொடமாட்டேன் என்றவரின் அட்டையில் பாதி காலி. அவசரம் அதை வெற்றியோடு பார்த்தான். அண்ணியின் முகத்தில் வெற்றி இல்லை.

“அவர் பகலெல்லாம் இருந்த இடத்தையும் பார்க்கணும்” என்றாள். எல்லோரும் தையல்கடைக்குப் போனார்கள், மருந்துக்கடைக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். தையல் மெஷினின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில், அதே மாத்திரையின் இன்னொரு அட்டை. அதிலும் பாதி காலி.

“இடிகல்லுல வெள்ளையா இருந்தது இந்த மாத்திரைத் தூள்தானேம்மா?” என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

மனைவி தலையாட்டினாள். “மாத்திரை இல்லாம எப்படி விடறது? கஷாயத்துல கலந்து குடுத்தேன். அவருக்குத் தெரியாது.”

“அவரும் கடைக்கு வந்து முழுங்கியிருக்காரு. அது உங்களுக்குத் தெரியாது. தினமும் ரெண்டு மடங்கு மருந்து. பிரஷர் மளமளன்னு இறங்கியிருக்கும். எழுந்து நின்னா தலைசுத்தல், படியில கால் வெச்சா விழுந்துட்டாரு. கஷாயம் கொல்லலை.”

கடைக்காரர் நிம்மதியாக மூச்சு விடப் பார்த்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பினாள்.

“ஆனா, ‘இது இருக்க மாத்திரை எதுக்கு’ன்னு நாலு பேர் முன்னால சொன்னது யாரு? அதைக் கேட்டு வீட்டுல வீம்பா பேசிட்டுத்தான மனுஷன் ஒளிச்சு முழுங்கினாரு?”

“நான்தாம்மா” என்று கடைக்காரர் அங்கேயே குந்திவிட்டார். “பேசாம பழி என்மேலேயே இருந்திருக்கலாம். இந்தம்மாவாவது தெரியாம இருந்திருப்பாங்க.”

மனைவியின் காதில் அது விழவில்லை. இழுப்பறை அட்டையைக் கையில் வைத்து, காலியான குழிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“என் புலம்பல் தாங்காமத்தான் முழுங்கினாரா? எனக்காகத்தானா?”

“ஆமாம்மா. உங்களுக்காகத்தான்” என்றாள் அண்ணி.

தெருமுனை வரைக்கும் அவசரம் பொறுத்துப் பார்த்தான். அதற்குமேல் முடியவில்லை.

“அண்ணி, கடைசியா சொன்னீங்களே. அதுக்கு என்ன ஆதாரம்?”

“ஒண்ணும் இல்லைடா” என்றாள் அண்ணி. நடையை நிறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.