கோட்டுக் கையில் ஒரு ஜன்னல்

நூல்கண்டுக்குப் பள்ளிப் பதிவேட்டில் நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆசிரியர் வருகை எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி அம்மா முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவள் நூல்கண்டுதான்.

அம்மா கைக்கடிகாரங்களுக்குத் தோல் வார் தைப்பவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அந்த அறையில் எப்போதும் தோல் வாசனையும் பசை வாசனையும் அடிக்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் மூக்கைச் சுளிப்பார்கள். நூல்கண்டுக்கோ அந்த வாசனை இல்லாத வீடு வீடாகவே தோன்றாது.

அம்மா தைக்கிற நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் அவள் பெருமையாக நினைத்த வேலை வேறு. வருகிறவர்களின் மணிக்கட்டை அளப்பது.

ஒரு காகிதப் பட்டையை மணிக்கட்டைச் சுற்றி வைப்பாள். ஒரு விரல் நுழைகிற அளவு இடம் விடுவாள். பென்சிலால் கோடு போடுவாள். பிறகு, டாக்டர் காய்ச்சலைச் சொல்வது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பதினேழு சென்டிமீட்டர்" என்பாள். அவள் அளந்து கொடுத்த வார் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்காக.

ஒரு சாயங்காலம் பைலட் அக்கா வந்தாள். இன்னும் முழு பைலட் ஆகவில்லை. விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் நூல்கண்டு அந்த நிமிடமே அவளுக்கு பைலட் பட்டம் கொடுத்துவிட்டாள்.

அக்கா கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. கறுப்பு முகம், வெள்ளை எண்கள். பெரிய வட்டத்துக்குள் இரண்டு குட்டி வட்டங்கள். பக்கவாட்டில், சாவி கொடுக்கும் திருகுக்கு மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன்.

"எங்க பெரியப்பாவோடது. அவரும் பைலட்டா இருந்தவர். சுவிட்சர்லாந்துல செஞ்சது. என்னைவிட இதுக்கு வயசு ஜாஸ்தி" என்றாள் அக்கா.

"பெரிய முள்ளு நிக்குதே. ரிப்பேரா?" என்று கேட்டாள் நூல்கண்டு.

"மணி பார்க்கிற முள்ளுங்க ஓடிட்டுதான் இருக்கு. இந்த நீள முள்ளு தனி ஆளு. கூப்பிட்டாதான் வரும்." அக்கா மேல் பட்டனை அழுத்தினாள். நீள முள் துள்ளி ஓடத் தொடங்கியது. மறுபடி அழுத்தினாள், நின்றது. கீழ்ப் பட்டனை அழுத்தினாள், சட்டென்று பன்னிரண்டுக்குத் திரும்பியது. "எத்தனை நிமிஷம் பறந்தோம்னு கணக்கு வெச்சுக்கத்தான் இது. அடுத்த சனிக்கிழமை நான் முதல் தடவையா பக்கத்து ஊருக்குத் தனியா பறக்கப் போறேன். கிளம்பி பதினோரு நிமிஷத்துல ஏரி வரணும். அங்கே திரும்பணும். கணக்கு தப்பினா வேற எங்கேயாவது போய் நிக்க வேண்டியதுதான்."

"விமானத்துல கடிகாரம் இருக்காதா?"

"இருக்கும். எங்க விமானத்துல இருக்கிறது ஒரு வருஷமா நாலே கால்லயே நிக்குது. அதனால ஆளாளுக்குக் கையில கட்டிட்டு வரணும்னு வாத்தியார் சொல்லிட்டார். இல்லேன்னா ஏத்த மாட்டார்."

கடிகாரத்தில் இருந்த பழைய வார் இற்றுப்போயிருந்தது. அம்மா அதைக் கழற்றினாள். பழுப்புத் தோல், வெளிர் மஞ்சள் நூல், இரண்டு பக்கமும் பித்தளைக் குமிழ் ஆணி என்று அக்கா தேர்ந்தெடுத்தாள். நூல்கண்டு காகிதப் பட்டையோடு முன்னால் வந்தாள். அக்காவின் மெல்லிய மணிக்கட்டைச் சுற்றினாள், கோடு போட்டாள்.

"பதினஞ்சரை" என்றாள்.

அக்கா போன பிறகு பழைய வாரைத் தூக்கிப் பார்த்தாள். அது நீளமோ நீளம். "அம்மா, அந்தப் பெரியப்பாவுக்குக் கை தூண் மாதிரி இருக்கும்போல" என்றாள். அம்மா சிரித்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைக் குப்பைக் கூடையில் போட்டார்கள்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அக்கா வந்தாள். குளிருக்கு ஒரு கறுப்புத் தோல் கோட்டு போட்டிருந்தாள். உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்த கனமான கோட்டு. முகத்தில் சிரிப்பும் பயமும் பாதிப் பாதி.

அம்மா கடிகாரத்தை நீட்டினாள். புது வாரில் குமிழ் ஆணிகள் மின்னின.

"எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அக்கா அதைக் கோட்டுக் கையின் மேலேயே வைத்துச் சுற்றினாள். வாரின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நடுவில் நான்கு விரல் இடைவெளி.

நூல்கண்டு ஒரு முனையை இழுத்துப் பார்த்தாள். எட்டவில்லை.

"கோட்டு மேலயா கட்டுவீங்க?" என்று நூல்கண்டு கேட்டாள். அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

"ஆமா. பைலட்டுங்க அப்படித்தானே கட்டுவாங்க. ஒரு கை விமானத்தைப் பிடிச்சிருக்கும், இன்னொரு கைக்கும் வேலை இருக்கும். கோட்டை விலக்கிவிட்டு மணி பார்க்க நேரம் ஏது? பெரியப்பாவோட வாரைப் பார்த்தாலே தெரியுமே."

தெரிந்திருக்க வேண்டும்தான். நூல்கண்டின் காது சூடாகிவிட்டது. தூண் மாதிரிக் கை என்று சிரித்தது நினைவுக்கு வந்தது. அலமாரிக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது. ஆனால் அவள் ஓடவில்லை.

"தப்பு என்னோடதுக்கா. எங்கே கட்டுவீங்கன்னு நான் கேட்கவே இல்லை" என்றாள்.

"நானும்தான் பழைய வாரைப் பார்த்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து கோட்டை விட்டுட்டோம்" என்றாள் அம்மா.

"இப்ப வேற ஒண்ணு தைக்க முடியாதா? பதினோரு மணிக்குக் கிளம்பணும். பத்து மணிக்குள்ள அங்கே இருக்கணும்."

அம்மா தலையசைத்தாள். "வெட்டித் தைச்சிடலாம். பசை காய அரை நாள் ஆகும். காயாம கட்டினா நடு வானத்துல பிரிஞ்சு வரும்."

அக்கா கோட்டுக் கையை மடித்துப் பார்த்தாள். கம்பளித் துணி ஒரு நொடி நின்றது, பிறகு பொதபொதவென்று கீழே இறங்கிவிட்டது. ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தார்கள். அது டப்பென்று அறுந்து அம்மாவின் மூக்கில் அடித்தது. கோட்டில்லாமல் போகலாமா என்றால், மேலே போனால் குளிரில் விரல் விறைத்துவிடுமாம்.

"பரவாயில்லை. வாத்தியார்கிட்ட சொல்றேன். அடுத்த மாசம் பறந்துக்கலாம்" என்றாள் அக்கா. ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு அவள் எழவில்லை. "நான் பறக்கிறதைப் பார்க்கணும்னு பெரியப்பா விடியக்காலையில பஸ் ஏறிட்டார். அவர்கிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியலை."

நூல்கண்டு வந்த அழுகையை அடக்கிக்கொண்டாள். அளவுச் சீட்டை எடுத்தாவது பார்ப்போம் என்று அலமாரிக்குப் போனாள். ஒருவேளை தான் எங்காவது 'கோட்டு' என்று எழுதியிருக்கலாம் என்ற நப்பாசைதான். சீட்டுகளை எல்லாம் பழைய தபால் உறைகளில்தான் போட்டு வைப்பார்கள். முன்பக்கம் கண்ணாடிக் காகிதம் ஒட்டிய சின்ன ஜன்னல் இருக்குமே, அந்த மாதிரி உறைகள். உறையைத் திறக்காமலே உள்ளே இருக்கும் பெயரைப் படிக்கலாம்.

'பைலட் அக்கா, 15½' என்று ஜன்னல் வழியே தெரிந்தது.

நூல்கண்டு உறையைப் பார்த்தாள். அக்காவின் கோட்டைப் பார்த்தாள். மறுபடி உறையைப் பார்த்தாள்.

"அம்மா, வாரை நீளமாக்க வேண்டாம். கோட்டுல ஒரு ஜன்னல் வெச்சிடலாம்."

"கோட்டுல என்ன வைக்கிறது?"

"ஜன்னல். கடிகாரத்தை உள்ளே வெறுங்கையில கட்டிக்கட்டும். மேலே கோட்டுல ஓட்டை. எட்டிப் பார்த்தா மணி தெரியும். தோல்தானேம்மா, வெட்டினா பிரியாதுல்ல?"

அம்மா கோட்டுக் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். "தோல் பிரியாது. உள் துணி பிரியும். அதைச் சுத்தித் தைச்சிடலாம். அரை மணி நேர வேலை." பிறகு அக்காவைப் பார்த்தாள். "ஆனா புதுக் கோட்டும்மா. ஒரு தடவை கத்தி வெச்சா வெச்சதுதான்."

அக்கா கோட்டைப் பார்த்தாள். ஆசை ஆசையாக வாங்கிய கோட்டு என்பது அவள் பார்வையிலேயே தெரிந்தது. சுவரில் இருந்த கடிகாரத்தையும் பார்த்தாள்.

"வெட்டுங்க. நான் வேணா கண்ணை மூடிக்கிறேன்" என்றாள்.

அம்மா சாக்பீஸை எடுத்தாள். "இருங்க, இருங்க" என்று நூல்கண்டு குறுக்கே வந்தாள். இந்த முறை அவள் எதையும் விடுவதாக இல்லை.

"அக்கா, எந்தக் கையில கட்டுவீங்க?"

"இடது கையில."

"விமானத்துல எப்படி உட்காருவீங்க? இங்கே உட்கார்ந்து காட்டுங்க. கையை நீட்டினா கோட்டு மேலே ஏறிடும். ஜன்னல் ஒரு இடத்துல, கடிகாரம் ஒரு இடத்துலன்னு ஆயிடும்."

அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் நூல்கண்டு குடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு பறந்தாள்.

"பெல்ட் போடுவீங்களா?"

"போடுவேன்."

அம்மாவின் பழைய தாவணி ஒன்று தோளுக்குக் குறுக்கே வந்தது. அக்கா கடிகாரத்தை உள்ளே கட்டிக்கொண்டு கோட்டுக் கையை இறக்கிவிட்டாள். நூல்கண்டு சாக்பீஸைப் படுக்கையாக வைத்து, கடிகாரம் இருந்த இடத்தின்மேல் மெதுவாகத் தேய்த்தாள். காசின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்பது மாதிரி, கறுப்புத் தோலின் மேல் வெள்ளையாக ஒரு வட்டம் எழும்பி வந்தது. பக்கத்தில் இரண்டு பட்டன்களும் திருகும் சின்னச் சின்ன மேடாகத் தெரிந்தன.

"வட்டமா வெட்டிடவா?" என்று கேட்டாள் அம்மா.

"வேண்டாம்மா. முள்ளை ஓட விடணும், நிறுத்தணும். விரல் பட்டனுக்குப் போகணுமே. அக்கா, கையுறை போடுவீங்களா?"

"அட, ஆமா."

"அப்ப பட்டன் பக்கம் இன்னும் ஒரு விரல் அகலம்."

அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா கோட்டைக் கழற்றித் தந்ததும் அதை மேசையில் விரித்தாள். கத்தி கோட்டின் மேல் ஒரே இழுப்பில் போய் வந்தது. அக்கா சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டாள். நூல்கண்டு வேக வேகமாக நூலுக்கு மெழுகு தேய்த்தாள். அம்மாவின் ஊசி ஜன்னலைச் சுற்றி ஓடியது.

ஒன்பதே முக்காலுக்கு அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு மறுபடி முக்காலியில் உட்கார்ந்தாள். குடையைப் பிடித்தாள். ஜன்னலுக்குள் கறுப்பு முகம் நேராக அவளைப் பார்த்தது. கையுறை போட்ட விரலால் பட்டனை அழுத்தினாள். நீள முள் ஓடியது.

"ஜன்னல் வழியா காத்து வருமே" என்றாள் சிரித்துக்கொண்டே.

"கதவும் வேணும்னா சொல்லுங்க, தைச்சுத் தர்றோம்" என்றாள் அம்மா.

அக்கா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் நூல்கண்டுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பதினோரு மணிக்கு வாசலில் போய் நின்றாள். பதினொன்று பதினொன்றுக்கு, "இப்ப ஏரி" என்றாள். சாப்பிடும்போது, "திரும்பியிருப்பாங்கல்ல?" என்றாள். அம்மா நாலைந்து தடவை "திரும்பியிருப்பாங்க" என்று பதில் சொன்னாள். அதற்கு மேல் தானும் வாசலுக்கு வந்து நின்றுவிட்டாள்.

மூன்றரை மணிக்கு அக்காவின் வண்டி வந்தது. பின்னால் உயரமான, ஒல்லியான ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார்.

"பதினோரு நிமிஷம், ரெண்டு செகண்டு" என்று அக்கா இறங்குவதற்கு முன்பே சொன்னாள். "குனிஞ்சு பார்த்தா நேர் கீழே ஏரி. திரும்பினேன்."

நூல்கண்டு அவளைக் கட்டிக்கொண்டாள். காலையில் வந்து நின்ற அழுகை இப்போது வந்தது, ஆனால் அது வேறு அழுகை.

தாத்தா அக்காவின் கோட்டுக் கையைத் தூக்கி ஜன்னலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவர்தான் பெரியப்பா. அவர் மணிக்கட்டு தூண் மாதிரி எல்லாம் இல்லை, அக்காவுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

"இத்தனை வருஷம் கோட்டு மேல கட்டியே காலத்தை ஓட்டினேன். எனக்கு இது தோணவே இல்லையே" என்றார். பிறகு தன் பழைய தோல் கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கையில் வேறொரு சாதாரணக் கடிகாரம் கட்டியிருந்தார். "எனக்கும் ஒரு ஜன்னல் வெச்சுக் கொடும்மா."

அம்மா சாக்பீஸை நூல்கண்டின் கையில் கொடுத்தாள். நூல்கண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு, கோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"போட்டுக்கிட்டு உட்காருங்க தாத்தா. விமானத்துல எப்படி உட்காருவீங்க?"

"நான் எங்கே இப்ப விமானம் ஓட்டுறேன்? காலையில பூங்கா பெஞ்சுல உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், அவ்வளவுதான்."

நூல்கண்டு உள்ளே ஓடினாள். அன்றைய செய்தித்தாளை எடுத்து வந்து அவர் இரண்டு கையிலும் விரித்துக் கொடுத்தாள்.

"சரி, படிங்க" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டாள்.