பதினொன்றரை மணிக்குக் காணாமல் போகும் குரல்

காலை 11.30. கார்த்திகாவின் குரல் காணாமல் போனது.

இடம், ராஜபாளையத்தில் அவள் வீட்டு அடுக்களை. மேடையில் மடிக்கணினி, காதில் ஹெட்செட், பக்கத்துத் தொட்டிலில் எட்டு மாதப் பிள்ளை. வீட்டிலிருந்தே ஆர்டர் எடுப்பது அவள் வேலை. மறுமுனையில் அவள் முதலாளி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை பாண்டிச்செல்வம்.

"ஏம்மா, கிணத்துக்குள்ள இருந்தா பேசுத? இன்டர்நெட்டுல சல்லிசாப் பேசுத ஆப் ஒண்ணும் தேறல. இது மூணாவது. நான் காட்டுன வெல கூடுனத வாங்கு. இல்லன்னா திங்கக்கெழமைல இருந்து கடைக்கு வந்து ஆர்டர் எடு. ஏலாதுன்னா வேற ஆளப் பாக்கேன்."

விலை கூடியதை வாங்கினால் சம்பளத்தில் கால்வாசி போய்விடும். கடைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, கணவன் திருப்பூரில். மொத்தத்தில் வேலையே போன மாதிரிதான்.

எதிர்வீட்டுப் போலீஸ் ஏட்டம்மா ஜெயபாய் மருத்துவ விடுப்பில் இருந்தார். திருடனைத் துரத்தியதில் கால் பிசகியதாகத் தெருவில் பேச்சு. ஸ்டாண்ட் போடாமலே ஸ்கூட்டரை விட்டு இறங்கினார் என்பது உண்மை. கடைசியாக அவர் கண்டுபிடித்த பொருள் அவருடைய ஹெல்மெட். அது அவர் தலையிலேயே இருந்தது.

மாலை 5.00. ஜெயபாயின் விசாரணை தொடங்கியது.

"மூணு ஆப்பும் ஒரே கம்பெனியா?"

"வேற வேறக்கா. ரெண்டு எங்க வீட்டு வைஃபைல பேசுனேன். மூணாவது போன் நெட்டுல."

"எப்பச் செத்துச்சு?"

"முதலாளி சோதிக்கும்போதுதான். தெனமும் பதினொன்றரைக்கு."

"ஆர்டர் குடுக்குறவுக?"

"ஒருத்தரும் குறை சொல்லல. நேத்து அவரு போன வச்ச கையோட ஒரு மதுரைக்காரம்மா மருமகள அரை மணி நேரம் திட்டுனாவ. அம்புட்டும் கேட்டுச்சு. நான் சொன்ன ஆறுதலும் அவியளுக்குக் கேட்டுச்சு."

"வெல கூடுனது மட்டும் நல்லாருக்குன்னு எப்படிச் சொல்லுதாரு?"

"விக்க வந்தவரு கடை தொறந்ததும் ஒம்பது மணிக்குக் காட்டுனாராம்."

ஜெயபாய் காலைத் தடவிக்கொண்டார். "நாளைக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வா. பஸ்ஸுல போவோம்."

மறுநாள் காலை 11.20. ஸ்ரீவில்லிபுத்தூர். கடை முழுக்கப் பால் வற்றும் வாசனை. கொதிகலன் பக்கமிருந்து ஆட்கள் கழுவிய பால் கேன்களைத் தூக்கிவந்து ரேக்கில் அடுக்கினார்கள். ரேக்குக்கு இந்தப் பக்கம் முதலாளியின் மேசை. அந்தப் பக்கச் சுவரில் கடையின் வைஃபை மோடம்.

"என்ன ஏட்டம்மா, கேஸா?"

"ஆமா. ஒரு குரலக் காணோம்."

கடைசிக் கேனும் ஏறியது. வாசலில் நின்ற கார்த்திகா இருப்பதிலேயே மலிவான ஆப்பில் முதலாளியை அழைத்தாள்.

"பாத்தீகளா? விட்டு விட்டுக் கேக்குது!" என்றார் பாண்டிச்செல்வம் வெற்றியோடு.

ஜெயபாய் அவர் போனைப் பிடுங்கி, நொண்டிக்கொண்டே ரேக்கைச் சுற்றிப் போய் மோடத்தருகே நின்றார். போனுக்குள் கார்த்திகா தெளிவாகப் பேசினாள். பிள்ளை ஏப்பம் விட்டதுகூடக் கேட்டது.

"குற்றவாளி ஆப் இல்ல, உங்க கேனு. ஒம்பது மணிக்கு ரேக் காலி. பதினோரு மணிக்கு மேல அலுமினியத்துல சுவரே எழும்பிருது. வைஃபை எப்படித் தாண்டும்? மூணு வேற வேற ஆப்பு ஒரே மாதிரிச் செத்தா, மூணுக்கும் பொதுவா இருந்தது யாரு? கேட்டவரு நீங்கதான். பேசுத ஆள விசாரிச்சோம், கேக்குத ஆள ஒருத்தரும் விசாரிக்கல."

பாண்டிச்செல்வம் கேன்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "இருந்தாலும்... கடைக்கு வந்துட்டா வேல நம்ம கண் முன்னால இருக்கும்லா?"

கார்த்திகா உள்ளே வந்தாள்.

"வர மாட்டேன் மொதலாளி. வெல கூடுனதையும் வாங்க மாட்டேன். இருக்கிறதுலயே கொறஞ்சது எதுவோ அதுலதான் பேசுவேன். என்னைச் சோதிக்கணும்னா நீங்க வைஃபைய அணைச்சுட்டு வாசலுக்கு வாங்க."

வரிசையில் நின்றவர்கள் பால்கோவாவை மறந்துவிட்டு முதலாளியையே பார்த்தார்கள். அவர் போனை வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கினார். நாலடி தள்ளி, இடுப்பில் பிள்ளையோடு, கார்த்திகா அவருக்கு முதுகைக் காட்டி நின்று அழைத்தாள்.

"வணக்கம். எத்தன கிலோ வேணும்?"

"ஒரு கிலோ," என்றார் பாண்டிச்செல்வம், தன்னையறியாமல்.

"மொதல்ல பணத்த அனுப்புங்க, சார்."