ஹார்லனின் கோட்டுக் கயிறு

ஒக்லஹோமாவின் கிழக்கு மூலையில் டெல்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில், இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த பழைய சாமான் கடை ஒன்று வெர்லீன் டாக்கெட்டுக்குச் சொன்ன விலையில் பாதிக்குப் படிந்தது. பேரம் பேசியே தலை நரைத்தவள் அவள். எதிராளி இவ்வளவு சுலபமாக இறங்கி வந்தால் சரக்கில் எங்கோ ஓட்டை என்று தெரியாதவளல்ல. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாள்.

ஓட்டையின் பெயர் ஹார்லன் ஸ்டைப்.

எதிர்சாரியில் முடி வெட்டும் கிழவர் ஓடெல் ப்ரூயிட், குடிவந்த அன்றே ஒரு தட்டில் மக்காச்சோள ரொட்டியோடு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஏழு வருஷத்துக்கு முன் கடை ஹார்லனுடையது. புதினா மணக்கும் புகையிலையை எந்நேரமும் மெல்லுகிறவர். தினமும் காலையில் கைத்துப்பாக்கியை இடுப்பு உறையில் செருகி, கோட்டால் மறைத்துக்கொண்டுதான் கதவைத் திறப்பார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், ஓடெல் உட்பட. ஒருநாள் கோட்டைப் போட்டுக்கொண்ட பிறகு செருகப் போனார். வாசல் மணி அடித்தது. வாடிக்கையாளர் என்ற அவசரத்தில் குனிந்து பார்க்காமல் திணித்தார். கோட்டின் ஓரத்துச் சுருக்குக் கயிறு நுனிக் குமிழோடு உறைக்குள் போய் விசையில் மாட்டிக்கொண்டது. அமுக்க அமுக்கக் கயிறு இறுகியது. குண்டு தொடையில் பாய்ந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் ரத்தமெல்லாம் தரையில்.

மணிச் சத்தம் ஓடெலுக்கும் கேட்டதாம். வாசலில் ஆளே இல்லையாம்.

அதற்குப் பிறகு கடை எடுத்த இரண்டு பேரும் அதே மாதிரி காலையில், அதே மாதிரி தொடையில் சுட்டுக்கொண்டார்கள். பிழைத்தார்கள். நொண்டுகிறார்கள்.

"இங்க இருக்கிற வரைக்கும் துப்பாக்கியோட குழல் அறையில தோட்டா ஏத்தாம வச்சுக்குங்க, மிஸ் வெர்லீன்," என்றார் ஓடெல். "செத்தவன் விசையத்தான் இழுப்பான். தோட்டாவும் ஏத்திக் குடுக்கிற அளவுக்கு ஹார்லன் தாராளமான ஆள் இல்ல."

வெர்லீன் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது. டல்சாவில் வைத்திருந்த கடையில் ஒரு திருடன் முறுக்கியது. அப்போது அவள் வலது கையில் துப்பாக்கி இருந்தது. தோட்டா குழல் அறைக்கு ஏறவில்லை. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து ஏற்ற இன்னொரு கை வேண்டும்.

"அந்தக் கை அவன்கிட்ட மாட்டிக்கிட்டிருந்துச்சு. கொஞ்ச நேரம் விடுப்பான்னு கெஞ்சவா முடியும்? உசிரோட இருக்கிற திருடனுக்கே இனிமே காலித் துப்பாக்கி காட்டுறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். செத்துப்போன கிழவனுக்குப் பயந்தா மாத்துவேன்?"

ஆனாலும் அன்று சாயங்காலம், துப்பாக்கி சுமக்கிறவர்கள் புதுக் கோட்டு வாங்கியதும் செய்கிற வேலையை அவளும் செய்தாள். கோட்டின் சுருக்குக் கயிற்றைக் கத்தரித்து அடுப்பில் போட்டாள்.

மறுநாள் காலை. வெளியே மூடுபனி. கடைக்குள் புதினா மணக்கும் புகையிலை வாசனை. வெர்லீனோ புகையிலையைத் தொட்டதில்லை. கோட்டை ஆணியில் மாட்டினாள். சட்டை நுனியை விலக்கிக்கொண்டாள். விரல் விசையைத் தொடாமல் நீட்டி, துப்பாக்கியை உறையின் வாய்க்குக் கொண்டுவந்தாள்.

மணி அடித்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கதவு உள்பக்கம் பூட்டியபடி இருந்தது.

துப்பாக்கியை நகர்த்தாமல் குனிந்தாள். காலி உறைக்குள்ளிருந்து ஒரு கயிறு எட்டிப் பார்த்தது. நுனியில் கறுப்புக் குமிழ். கரி வாடை.

மணி மறுபடி அடித்தது. நிற்காமல் அடித்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் கைமேல் படிந்தது.

குளிர்ந்த கை. உறையில் செருகிப் பழகிய கை. அமுக்கியது.

அவளுடைய விரல் நீட்டினது நீட்டினபடியே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு துப்பாக்கியை அங்குலம் அங்குலமாக வெளியே இழுத்து, மூலையில் இருந்த மணல் வாளியின் பக்கம் திருப்பினாள்.

"எடுக்கும்போதுதான்யா அவசரம்," என்றாள். "திரும்ப வைக்க என்ன அவசரம்? வாசல்ல நிக்கிறவன் நிக்கட்டும்."

துப்பாக்கியை வாளியைப் பார்த்தபடி மேசையில் வைத்தாள். இடுப்பிலிருந்து உறையையே கழற்றினாள். கயிற்றைப் பிடுங்கினாள், கத்தரித்தாள், உறையை வெளிச்சத்தில் தூக்கி உள்ளே பார்த்தாள். உறையையும் வாளிப் பக்கமே திருப்பி, அதில் துப்பாக்கியை மெதுவாக, 'க்ளிக்' என்று உட்காரும்வரை தள்ளினாள். விசை முழுக்க மூடிக்கொண்டது. பிறகுதான் உறையோடு சேர்த்து இடுப்பில் மாட்டினாள். கிழவனுக்கு அமுக்க ஒன்றும் மிச்சமில்லை.

மணி பாதியில் நின்றது. யாரோ மூக்கால் பெருமூச்சு விட்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு கயிறு. தினமும் கத்தரிக்கோல். ஆறு வாரம் கழித்து வந்த ஓடெல், கண்ணாடி ஜாடி நிறையக் கயிற்றுத் துண்டுகளைக் கண்டு, இத்தனை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார்.

"ஒரு வியாபாரி காலைல காலைல கொண்டு வந்து தர்றார். இந்த விலைக்கு எவனாலயும் தர முடியாது."

ஓடெல் சிரித்துக்கொண்டே கடை திறக்கக் கிளம்பினார். ஹார்லன் செத்த அன்றே தன் கோட்டுக் கயிற்றை வெட்டி எறிந்தவர் அவர். கதவைத் தாண்டி ஐந்தடி போய், இடுப்பில் நழுவிய துப்பாக்கியை எடுத்துச் சரியாகச் செருகப் போனவரின் கை பாதியில் நின்றது.

வெர்லீனின் தலைக்குமேல் மணி அடித்தது. கதவருகே யாருமில்லை.

அவருடைய கோட்டின் ஓரத்தில் ஒரு கயிறு தொங்கியது. காற்றே இல்லை. கறுப்புக் குமிழ் மெல்ல ஆடி ஆடி அவர் இடுப்பை நோக்கி நகர்ந்தது.

"அப்படியே நில்லுங்க ஓடெல்," என்றாள் வெர்லீன், கத்தரிக்கோலை எடுத்தபடி. "விரலை நீட்டியே வைங்க. நமக்கு ஒரு அவசரமும் இல்ல."